மலைப் பாதையில் கேஸ் வேன்: எரிபொருள் அமைப்பைப் பராமரிக்க ஓர் எளிய விளக்கம்

கேஸிலும் பெட்ரோலிலும் ஓடும் வேன் ஏற்றத்தில் இழுக்காவிட்டால் முதல் பழி கேஸுக்குத்தான். "கேஸ்ல இழுக்கவே மாட்டேங்குது பாஸ், கிட் போயிருச்சு போல" என்றுதான் கராஜுக்குள் வண்டியை விடுவார்கள். கிட் என்பது வேனில் பொருத்திய கேஸ் பாகங்களின் தொகுதி. திறந்து பார்த்தால் பெரும்பாலும் கதை வேறு. ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்திருக்கும், எயார் பில்டர் அடைத்திருக்கும், இல்லையென்றால் பிளக் வயரில் கரண்ட் கசியும். பெட்ரோலில் ஓடும்போது இந்தக் குறைகளை என்ஜின் ஓரளவு சமாளித்துக்கொள்ளும். கேஸில் சமாளிக்காது. அதனால் கேஸ் அமைப்பைக் கவனிக்கிற வேலையில் பாதி, கேஸ் பாகங்களுக்கு வெளியேதான் இருக்கிறது.

முதலில் கேஸ் போகும் வழியைத் தெரிந்துகொள்வோம். டேங்கில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த எல்பிஜி. அழுத்தத்தில் இருக்கும்வரை அது திரவம். வெளியே வந்தால் சுமார் 250 மடங்கு பெருத்து ஆவியாகிவிடும். வீட்டுச் சிலிண்டரில் மேலே சேரும் ஆவியை எடுக்கிறோம். வேன் டேங்கில் அடியிலிருந்து திரவத்தை எடுக்கிறோம். டேங்கின் மேல் உள்ள மல்டிவால்விலிருந்து (கேஸை நிரப்பும், வெளியே விடும், அடைக்கும் வால்வுகள் சேர்ந்த பாகம்) 6 அல்லது 8 மில்லிமீட்டர் செப்புக் குழாய் ஒன்று அடித்தட்டின் கீழாக முன்னால் வரும். அது ஒரு மின் வால்வில் சேரும். சொலனொய்ட் என்று சொல்வது இதைத்தான். அதற்குள் சின்ன பில்டர் ஒன்று இருக்கும். அதைத் தாண்டினால் ரெடியூசர். திரவம் ஆவியாவதும் அழுத்தம் குறைவதும் அங்கேதான். அதற்குப் பிறகு வழி இரண்டாகப் பிரியும். நிசான் சி22 வனெட் போன்ற காபரேட்டர் வேன்களில், தடித்த ரப்பர் குழாய் வழியே மிக்ஸருக்குப் போய்க் காற்றோடு கலக்கும். இன்ஜெக்ஷன் என்ஜின்களில் இன்னொரு பில்டரைக் கடந்து கேஸ் இன்ஜெக்டர்களுக்குப் போகும். எப்போது, எவ்வளவு என்பதை அங்கே தனி ஈசியு, அதாவது ஒரு சிறு கணினி, தீர்மானிக்கும்.

முதலில் தண்ணீரைப் பாருங்கள்

திரவம் ஆவியாக வெப்பம் வேண்டும். ரெடியூசருக்கு அந்த வெப்பத்தைக் கொடுப்பது என்ஜினின் சூட்டுத் தண்ணீர். ஹீட்டர் லைனிலிருந்து பிரியும் இரண்டு குழாய்கள் ரெடியூசரைச் சுற்றி ஓடுகின்றன. அந்த ஓட்டம் நின்றால், ஆவியாகிற கேஸ் ரெடியூசரின் உடம்புச் சூட்டையே உறிஞ்சிவிடும். சில நிமிடங்களில் அதன் மேல் வெள்ளையாகப் பனி பூக்கும். உள்ளே கேஸின் அளவைக் கட்டுப்படுத்தும் ரப்பர் தகடான டயப்பிரம் விறைத்துப்போகும். அரைகுறையாக ஆவியான கேஸ் மிக்ஸருக்குப் போகும், என்ஜின் குதித்துக் குதித்து நின்றுவிடும். இது கொழும்பிலும் நடக்கும். ஆனால் நுவரெலியாவின் காலைக் குளிரில் இன்னும் சீக்கிரம் நடக்கும்.

சோதனை சுலபமானது. என்ஜினை ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓடவிட்டு, ரெடியூசருக்கு வரும் குழாயையும் திரும்பிப் போகும் குழாயையும் கவனமாகத் தொட்டுப் பாருங்கள். இரண்டும் சூடாக இருந்தால் ஓட்டம் சரி. ஒன்று சூடாகவும் மற்றது குளிர்ந்தும் இருந்தால் உள்ளே அடைப்பு, அல்லது காற்று சிக்கியிருக்கிறது. இரண்டுமே குளிர்ந்திருந்தால் தண்ணீர் மட்டம் இறங்கியிருக்கலாம். ரெடியூசரை ரேடியேட்டர் மூடியைவிட உயரத்தில் பொருத்திய வேன்களில், தண்ணீர் கொஞ்சம் குறைந்தாலே முதலில் காற்று நுழைவது ரெடியூசருக்குள்தான். சரியான இடம் ரேடியேட்டரின் மேல்மட்டத்துக்குக் கீழே.

காற்றை வெளியேற்ற, என்ஜின் ஆறிய நிலையில் முன்பக்கம் மேட்டில் இருக்குமாறு வண்டியை நிறுத்துங்கள். ரேடியேட்டர் மூடியைத் திறந்து நிரப்புங்கள். ஸ்டார்ட் செய்து, ரெடியூசரில் மேலே இருக்கும் தண்ணீர்க் குழாயின் கிளிப்பைச் சற்றுத் தளர்த்துங்கள். குமிழி நின்று தண்ணீர் மட்டும் வடியத் தொடங்கியதும் இறுக்கிவிட்டு, மட்டத்தைத் திரும்ப நிரப்பி மூடிவிடுங்கள்.

மலையகத்தில் இதற்கு மேல் இரண்டு சிக்கல் உண்டு. ஒன்று தேமோஸ்டாட், என்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடிக்கும் வால்வு. "சூட்டு நாட்டுக்கு இது எதற்கு" என்று அதைக் கழற்றி எறியும் பழக்கம் இங்கே பழையது. பெட்ரோலில் மட்டும் ஓடும் வேனில் அந்த நட்டம் வெளியே தெரியாது. கேஸ் வேனில் உடனே தெரியும். நுவரெலியாவிலிருந்து லபுக்கலை, ரம்பொடை வழியாக கம்பளைக்கு இறங்குகிறீர்கள் என்று வையுங்கள். எக்ஸலேட்டரில் கால் வைக்காத நீண்ட இறக்கம், எதிரே பனிமூட்டம், ரேடியேட்டர் முழுக்கக் குளிர்காற்று. தேமோஸ்டாட் இல்லாத என்ஜின் அந்த இறக்கத்தில் ஆறிக்கொண்டே போகும். கீழே ஒரு சிறிய ஏற்றம் வந்து எக்ஸலேட்டரை மிதித்தால் ரெடியூசரில் போதிய சூடு இருக்காது. இன்ஜெக்ஷன் வேன்களில் இன்னொரு செலவும் சேரும். தண்ணீர் 30 முதல் 40 பாகை வரும்வரை ஈசியு கேஸுக்கு மாற்றாது, அதுவரை எரிவது பெட்ரோல். நல்ல தேமோஸ்டாட் ஒன்றைத் திரும்பப் போடுங்கள். கேஸ் வேனுக்குச் செய்யும் செலவுகளில் இதைவிடப் பலன் தருவது குறைவு.

மற்றது, வழியில் பீலியில் பிடித்து ஊற்றும் தண்ணீர். ரெடியூசரின் உடம்பு அலுமினியம். வெறும் தண்ணீர் என்ஜினிலிருந்து துருவைக் கொண்டுவந்து அதன் குறுகிய வழிகளில் படிய வைக்கும். துருத்தடுப்பு உள்ள கூலன்ட்டைக் கலந்து, 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. ரேடியேட்டர் மூடியின் ரப்பரையும் பாருங்கள். 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் வெறும் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். மூடி அழுத்தம் பிடிக்காவிட்டால் ஏற்றத்தில் கொதி, கொதித்து வழிந்ததால் மட்டக் குறைவு, அடுத்து ரெடியூசரில் காற்று என்று ஒன்றின்பின் ஒன்றாக வரும்.

வெளியே எங்கும் கசியாமல் தண்ணீர் மட்டும் குறைந்துகொண்டே வந்தால் அசட்டையாக விடாதீர்கள். ரெடியூசருக்குள் சீல் போய், தண்ணீர் கேஸ் பக்கம் கசிந்து என்ஜினுக்குள் போகலாம். காலையில் விடாத வெள்ளைப் புகை அதன் அடையாளம். ஹெட் கேஸ்கட் போனாலும் இதே புகைதான் வரும். ஆகவே ஹெட்டைக் கழற்றச் சம்மதிக்கும் முன், ரெடியூசரின் கேஸ் குழாயைக் கழற்றி உள்ளே ஈரம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

குளிரும் கேஸின் கலவையும்

2021 கடைசியில் வீட்டுச் சிலிண்டர் விபத்துகள் அடுத்தடுத்து நடந்தபோது, புரோப்பேன், பியூட்டேன் விகிதம் என்ற பேச்சு லயத்துக்கு லயம் வந்தது. வேனுக்கும் அந்த விகிதம் முக்கியம், வேறு காரணத்துக்காக. புரோப்பேன் கொதிப்பது சைபருக்குக் கீழே 42 பாகையில். பியூட்டேன் கொதிப்பது கிட்டத்தட்ட சைபரில். 10 பாகைக் காலையில் தனிப் புரோப்பேன் 5 பாருக்கு மேல் அழுத்தம் காட்டும். தனிப் பியூட்டேன் அரை பார்தான் காட்டும். டேங்கிலிருந்து திரவத்தை முன்னால் தள்ளுவது இந்த அழுத்தம்தான், பம்பு எதுவும் இல்லை. பியூட்டேன் கூடிய கேஸ் அடித்து நானுஓயாவில் இரவு முழுக்க வெளியே நிறுத்திய வேன், காலையில் ஏற்றத்தில் மட்டும் திணறினால் காரணம் இதுவாக இருக்கலாம். வெயில் ஏறியதும் தானாகச் சரியாகிவிடும். சரியாகாவிட்டால் பில்டரைப் பாருங்கள், ஏனென்றால் பாதி அடைத்த பில்டரும் இதே மாதிரித்தான் திணற வைக்கும்.

பில்டரும் அடிக் கசடும்

சொலனொய்டுக்குள் இருக்கும் திரவப் பில்டரை 10,000 முதல் 15,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இன்ஜெக்ஷன் கிட்டில் ஆவிப் பில்டரையும் அதே நேரத்தில் மாற்றிவிடுங்கள். வேலை சின்னது, ஆனால் வரிசை தவறக்கூடாது. திறந்த வெளியில் வைத்துத்தான் செய்ய வேண்டும், கராஜ் குழிக்கு மேல் கூடவே கூடாது. டேங்கிலுள்ள கை வால்வை மூடிவிட்டு, என்ஜினைக் கேஸில் ஓடவிட்டு, குழாயில் மிச்சமுள்ளது தீர்ந்து தானாக நிற்கட்டும். சாவியை எடுத்து, பெட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். கையுறை போடுங்கள், மிச்சத் திரவம் தோலில் பட்டால் பனிப்புண் வரும். பில்டர் இருக்கும் கிண்ணத்தின் போல்ட்டை மெதுவாகத் தளர்த்தி, சீறல் அடங்கிய பிறகு கழற்றுங்கள். பழைய பில்டரோடு ஓ-ரிங்கையும் மாற்றுங்கள். பழைய ரிங்கைத் திரும்பப் போடுவதுதான் பில்டர் மாற்றிய மறுநாள் கேஸ் மணப்பதற்கு வழக்கமான காரணம். மூடிய பிறகு டேங்க் வால்வை மெல்லத் திறக்க வேண்டும். சட்டென்று திறந்தால் மல்டிவால்வுக்குள் இருக்கும் மிகையோட்டத் தடுப்பு, குழாய் வெடித்துவிட்டதென்று எண்ணி அடைத்துக்கொள்ளும். கேஸ் வராது. அப்படி ஆனால் வால்வை மூடி, ஒரு நிமிடம் பொறுத்து, திரும்ப மெதுவாகத் திறந்தால் போதும்.

ரெடியூசரின் அடியில் எண்ணெய் மாதிரி ஒரு கறுப்புக் கசடு சேரும். கேஸோடு வந்து ஆவியாகாமல் தங்கும் கனமான பகுதி அது. டயப்பிரத்தில் படிந்து அதைக் கனக்கச் செய்யும். முதலில் கெடுவது ஐட்லிங், அதாவது எக்ஸலேட்டரை மிதிக்காதபோது என்ஜின் ஓடும் ஓட்டம். என்ஜின் ஒயில் மாற்றும்போதெல்லாம் இதையும் வடித்துவிடுவது நல்ல வழக்கம். என்ஜின் சூடாக இருந்தால்தான் கசடு இளகி வடியும். கேஸை மூடி, குழாயைத் தீரவிட்டு, என்ஜினை நிறுத்தி, அடியிலுள்ள பிளக்கைக் கழற்றி ஒரு தகர டின்னில் பிடியுங்கள். நாற்றம் ஆளைத் தூக்கும். கானிலோ ஓடையிலோ ஊற்றாமல் பழைய ஒயில் கேனில் சேருங்கள். சில புதிய ரெடியூசர்களில் இந்தப் பிளக் இருக்காது. டயப்பிரம் கிட் 80,000 முதல் 100,000 கிலோமீட்டர் வரை தாங்கும். அதற்கு முன்பே, நிறுத்தி வைத்த வண்டியில் கேஸ் மணம், கேஸில் ஸ்டார்ட் எடுக்கச் சிரமம், ஏறி இறங்கும் ஐட்லிங் மூன்றும் சேர்ந்து வந்தால் அதை மாற்றும் காலம் வந்துவிட்டது.

ஏற்றம், காற்று, கலவை

நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் சுமார் ஐந்தில் நான்கு பங்கு. ஆகவே எந்த எரிபொருளில் ஓட்டினாலும் முழு எக்ஸலேட்டரில் ஐந்தில் ஒரு பங்குச் சக்தி குறையும். மிக்ஸர் வேனில் கேஸ் கொஞ்சம் காற்றின் இடத்தைப் பிடிப்பதால் இன்னும் 5 முதல் 10 வீதம் போகும். இது கோளாறு இல்லை, கியரைக் குறைத்து ஏற வேண்டியதுதான்.

பலர் எதிர்பார்க்காத ஒரு விஷயம் உண்டு. உயரம் ஏற ஏற, காபரேட்டர் பெட்ரோலில் கலவையில் எரிபொருளின் பங்கு கூடிக்கொண்டே போகும். கேஸ் மிக்ஸரில் அவ்வளவாகக் கூடுவதில்லை. காரணம், ரெடியூசரில் அழுத்தத்தைக் கடைசியாகக் குறைக்கும் இரண்டாம் கட்டம் வெளிக் காற்றின் அழுத்தத்தை ஒப்பிட்டுத்தான் கேஸை விடுகிறது. காற்று மெலிந்தால் கேஸும் சேர்ந்து மெலியும். அந்த ஒப்பீடு நடப்பது ரெடியூசர் மூடியில் உள்ள ஒரு சிறு துளை வழியாக. தோட்டத்துப் பாதையின் புழுதியும் ஒயிலும் சேர்ந்து அதை அடைத்தால் கணக்குக் குழம்பும். ஆகவே ரெடியூசரைத் துடைக்கும்போது அந்தத் துளையைத் தேடிப் பாருங்கள். எயார் பில்டர் அடைத்தாலும் இதே விளைவுதான். மிக்ஸருக்குள் வெற்றிடம் கூடும், ரெடியூசர் அதிகக் கேஸ் விடும். தார் போடாத தோட்டப் பாதையில் ஓடும் ஸ்கூல் வேனுக்கு 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை பில்டரைக் கழற்றிப் பார்த்தே ஆக வேண்டும்.

மிக்ஸர் கிட்டைச் சரிசெய்ய இரண்டு இடம் உண்டு. என்ஜினை நன்றாகச் சூடாக்கி, எயார் பில்டர் சுத்தமென்று உறுதி செய்த பிறகே கை வையுங்கள். ரெடியூசரில் உள்ள ஐட்லிங் ஸ்குரூவைத் திருப்பி, வேகம் உச்சத்துக்கு வரும் இடத்தைப் பிடித்து, சற்றே கேஸ் குறையும் பக்கம் விடுங்கள். அடுத்தது கேஸ் குழாயின் நடுவில் உள்ள பவர் ஸ்குரூ. என்ஜினை நிமிடத்துக்கு 3,000 சுற்றில் பிடித்து, வேகம் விழும்வரை மூடுங்கள், பிறகு மறுபக்கம் விழும்வரை திறங்கள். இரண்டுக்கும் நடுவே நிறுத்தி, பெயின்டால் ஒரு கோடு போடுங்கள். அடுத்த முறை யாராவது திருப்பியிருந்தால் அந்தக் கோடு சொல்லும். பெட்ரோலில் லீட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடிய வேன் கேஸில் 8 ஓடினால் சரியான கணக்கு. லீட்டருக்கு லீட்டர் கேஸில் சக்தி குறைவு. 6க்கு இறங்கினால் ஸ்குரூவைத் திருகாமல் எயார் பில்டரிலிருந்து தேடத் தொடங்குங்கள்.

பிளக், வயர், வால்வு

கேஸ் கலவையைப் பற்றவைக்க பெட்ரோலைவிடப் பலமான பொறி வேண்டும். பிளக் இடைவெளியை 0.7 முதல் 0.8 மில்லிமீட்டரில் வைப்பது வழக்கம். ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்து மூடுபனியும் சாரலும் பிளக் வயருக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்கும் எதிரி. இருட்டிய பிறகு பொனட்டைத் திறந்து, என்ஜின் ஓடும்போது வயர்களின் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். நீலமாக மினுங்கும் இடத்தில் கரண்ட் கசிகிறது. கையால் தொட வேண்டாம். பொறி தவறினால் எரியாத கேஸ், என்ஜினுக்குள் காற்று போகும் குழாயான மேனிபோல்டில் தேங்கும், அடுத்த பொறியில் பின்பக்கமாக வெடிக்கும். "டமார்" என்ற ஒரே சத்தத்தில் பிளாஸ்டிக் எயார் பில்டர் பெட்டி பிளந்துவிடலாம். அப்படி வெடித்தால் கேஸிலேயே திரும்பத் திரும்ப செல்ஃப் அடிக்காதீர்கள். பெட்ரோலுக்கு மாற்றி, பில்டரில் நெருப்பு இல்லை என்று பார்த்து, பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள்.

பழைய என்ஜின்களில் எக்ஸோஸ்ட் வால்வு, சீட்டுக்குள் மெல்ல மெல்லப் பதியும். பதியப் பதிய டெப்பட் இடைவெளி (வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே உள்ளது) குறையும், சத்தமும் அடங்கும். டெப்பட் சத்தமில்லாமல் ஓடுகிறது என்று இங்கே மகிழ வேண்டாம். 15,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை இடைவெளியை அளக்கச் சொல்லுங்கள். ஒயில் கறுக்காமல் இருப்பதையும் நம்பாதீர்கள். கேஸில் அப்படித்தான் இருக்கும். கிலோமீட்டர் கணக்கில் மாற்ற வேண்டும்.

பெட்ரோலையும் மறக்காதீர்கள்

டேங்கில் எப்போதும் கால் பங்கு பெட்ரோல் இருக்கட்டும். கேஸ் அடிக்கும் இடம் எல்லா டவுனிலும் கிடையாது என்பது ஒரு காரணம். இன்ஜெக்ஷன் வேன்களில் டேங்குக்குள் இருக்கும் மின் பம்பைக் குளிர வைப்பதும் அந்தப் பெட்ரோல்தான் என்பது மறு காரணம். குளிர் காலையில் பெட்ரோலிலேயே ஸ்டார்ட் செய்து சூடேற்றுங்கள். காபரேட்டர் வேனின் சுவிட்சில் மூன்று நிலை உண்டு: பெட்ரோல், நடு, கேஸ். நேரே கேஸுக்குத் தள்ளினால் காபரேட்டர் கிண்ணத்தில் மிச்சமுள்ள பெட்ரோலும் கேஸும் ஒன்றாகப் போய் என்ஜின் மூச்சடைக்கும். நடுவில் வைத்து, என்ஜின் லேசாகத் தடுமாறியதும் கேஸுக்குத் தள்ளுங்கள். இதைச் சமதரையில் செய்யுங்கள், கினிகத்தேனை வளைவில் வைத்து வேண்டாம். மாலையில் வீடு சேரும் கடைசி கிலோமீட்டரை பெட்ரோலில் ஓட்டினால் மறுநாள் ஸ்டார்ட் லேசாக இருக்கும், காபரேட்டர் வாஷர்களும் காய்ந்து வெடிக்காது.

டேங்க்

60 லீட்டர் டேங்கில் 48 லீட்டர்தான் ஏறும். மல்டிவால்வு 80 வீதத்தில் தானாக அடைத்துவிடும். மீதி 20 வீதம் வீண் இடமல்ல. 12 பாகைக் குளிரில் அடித்த கேஸ், 32 பாகை வெயிலுள்ள தாழ்நிலத்துக்கு இறங்கும்போது சுமார் 5 வீதம் பெருக்கும். இடம் இல்லாவிட்டால் திரவம் டேங்கையே நெருக்கும். அழுத்தம் 27 பார் அளவுக்கு வந்தால் பாதுகாப்பு வால்வு திறந்து கேஸை வெளியே விடும். 80க்கு மேல் ஏறுகிற டேங்கின் மிதவையோ வால்வோ கெட்டுவிட்டது. கூட ஏறுவது லாபம் என்று நினைத்து ஓட்டாதீர்கள்.

டேங்க் வேனுக்குள் இருந்தால், மல்டிவால்வைச் சுற்றிய பெட்டியிலிருந்து காற்றுக் குழாய் தரையைத் துளைத்து வெளியே போகும். குளிர்காற்று வருகிறதென்று அதில் துணி அடைத்து வைத்த வேன்கள் உண்டு. கசிகிற கேஸ் வெளியேற அது ஒன்றுதான் வழி. அடித்தட்டில் தொங்கும் டேங்கென்றால் தோட்டப் பாதைக் கல் அடித்த தடம், பட்டியின் ரப்பருக்குள் துரு இரண்டையும் பாருங்கள். ஆழமான நசுக்கல் இருந்தால் டேங்கை மாற்ற வேண்டும். டேங்கில் வெல்டிங் வைக்கவே கூடாது. செப்புக் குழாய் செஸியில் உரசும் இடங்களைக் கையால் தடவிப் பாருங்கள். அரை மீட்டருக்கு ஒரு கிளிப் இருந்தால் ஆடாது.

வீட்டுச் சிலிண்டரை வேனில் படுக்க வைத்து இணைப்பது சட்டத்துக்கும் புத்திக்கும் பொருந்தாது. அதில் மிகையோட்டத் தடுப்பு இல்லை, சாவியை மூடினால் தானாக அடைக்கும் மின் வால்வு இல்லை, மோதலைத் தாங்கும் பிடிமானமும் இல்லை. அதிலிருந்து வேன் டேங்குக்குக் கேஸை ஊற்றுவதும் அதே அளவு ஆபத்து.

கசிவு

மாதம் ஒருமுறை சவர்க்கார நுரையைத் தூரிகையால் ஒவ்வொரு மூட்டிலும் பூசிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சியோ லைட்டரோ கிட்டவும் வரக்கூடாது. கசியும் மூட்டை மேலும் மேலும் இறுக்கினால் உள்ளே இருக்கும் பித்தளை வளையம் நசுங்கிக் கசிவு கூடும். வளையத்தை மாற்றுவதே வழி. இன்னொரு சோதனை: கேஸில் சுவிட்ச் இருக்க, என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போடுங்கள். இரண்டு மூன்று செக்கனுக்குள் சொலனொய்ட் "டக்" என்று மூட வேண்டும். மூடாவிட்டால், விபத்தில் என்ஜின் நின்ற பிறகும் கேஸ் ஓடிக்கொண்டிருக்கும்.

ஓடும்போது கேஸ் மணம் வந்தால் ஓரமாக நிறுத்தி, சாவியை எடுத்து, எல்லோரையும் இறக்குங்கள். கதவுகளைத் திறந்துவிட்டு, டேங்க் வால்வை மூடுங்கள். எல்பிஜி காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம், தண்ணீர் மாதிரி பள்ளம் பார்த்து ஓடும். ஆகவே சரிவுப் பாதையில் பிள்ளைகளை வண்டிக்கு மேல்பக்கம் கூட்டிப்போங்கள், கீழ்ப்பக்கம் வேண்டாம். போனை அங்கே போய் எடுங்கள். தீயணைப்புக்கு 110, அம்புலன்ஸுக்கு 1990. மணம் போய்விட்டது என்று உடனே சாவியைப் போட்டுவிடாதீர்கள். சீட்டுக்கு அடியிலுள்ள டூல்ஸ் பெட்டியிலும் தரை மெட்டுக்குக் கீழும் கேஸ் தங்கியிருக்கும். எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டு, எல்லாக் கதவும் திறந்தபடி அரை மணி நேரமாவது விட்ட பிறகு, கேஸ் வால்வைத் திறக்காமல் பெட்ரோலில் மட்டும் கராஜ் வரை ஓட்டுங்கள்.